தனிச் சாட்சி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு பாதைகள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்டதைச் சுற்றுலாக்காரர்கள் அறிவார்கள். மற்றது குப்பனூர் வழி. இரண்டாம் சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை. காலை முதல் பஸ்ஸில் மேலே போய் குப்பனூர்ப் பாதையில் நடந்து இறங்குவது நான்கு வருஷங்களாக என் வழக்கம். கழுத்தில் பைனாகுலர், சட்டைப்பையில் ஒரு நோட்டு. காமிரா கிடையாது. துணைக்கு யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டு நடந்தால் பறவை நிற்காது என்று காரணம் சொல்வேன். உண்மைக் காரணம், நான் பார்த்ததை இன்னொருவர் 'அது இல்லை' என்று சொல்லிவிடக்கூடும் என்பது.

மேலே காப்பித் தோட்டங்கள், சில்வர் ஓக் நிழல். பனிக்காலத்தில் அங்கே ஆறுமணிக் குருவி உண்டு. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். ஊருக்குக் கடிகாரம் வந்த பிறகு வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முன் அது எத்தனை மணிக்குக் கூப்பிட்டது என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இறங்க இறங்கக் காப்பி தீர்ந்து பாறையும் முட்புதரும் தொடங்கும். மஞ்சள் தொண்டைச் சின்னான் இப்படிப்பட்ட இடத்துப் பறவை. ஜெர்டன் என்ற ராணுவ டாக்டர் 1840களில் உலகுக்கு அறிவித்தது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை, இங்கும் அதிகமில்லை.

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், புதரிலிருந்து ஒரு சின்னான் கிளம்பி அடுத்த புதருக்குள் போயிற்று. பச்சை கலந்த பழுப்பு முதுகு, வாலடியில் மஞ்சள். அதே புதர்களில் சாதாரணமாகத் திரியும் வெண்புருவச் சின்னானுக்கும் வாலடி மஞ்சள்தான். தலையையும் தொண்டையையும் நான் பார்க்கவில்லை. கால் மணி நேரம் நின்றேன், வெளியே வரவில்லை. நோட்டை எடுத்து 'மஞ்சள் தொண்டைச் சின்னான், 1' என்று எழுதினேன். தயக்கம் எதுவும் இல்லாத, தெளிவான கையெழுத்து.

வங்கியில் ஒரு வவுச்சரைப் பதிகிறவன் அதைப் பாஸ் செய்ய முடியாது. இன்னொரு கண் வேண்டும். எல்லோரும் திருடர்கள் என்பதால் வந்த விதியல்ல இது. கை எழுதியதைத்தான் கண் திரும்ப வாசிக்கும், அதனால் வந்தது. மலையில் பதிகிறவனும் பாஸ் செய்கிறவனும் நானே.

பறவை இயலிலும் வவுச்சர் என்ற சொல் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சுட்டு, தோலுரித்து, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டிய பறவைக்குத்தான் அந்தப் பெயர். 1929இல் தொடங்கிய வெர்னே ஆய்வுக் குழு கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் அப்படித்தான் பறவைகளைச் சேகரித்தது. சேர்வராயன் மலைக்கும் வந்தது. பார்த்தேன் என்று சொன்னால் போதாது, பிணத்தைக் காட்ட வேண்டும். கொடூரமென்றாலும் நேர்மையான ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன், மைனர்ட்ஸ்ஹாகனைப் பற்றி வாசிக்கும்வரை. பிரிட்டிஷ் ராணுவத்துக் கர்னல், பேர்பெற்ற பறவை நிபுணர், சாலிம் அலியோடு பயணம் செய்தவர், 1967இல் இறந்தார். அருங்காட்சியகத்திலிருந்து பிறர் சேகரித்த தோல்களைத் திருடி, சீட்டை மாற்றி, தான் சுட்டதாகச் சேர்த்துக்கொண்டவர் என்பது 1990களில் வெளிப்பட்டது. வனச் சிற்றாந்தை ஒன்றை 1914இல் குஜராத்தில் சுட்டதாக அவர் சொன்னது, டேவிட்சன் என்பவர் 1880களில் சேகரித்த தோல். பமேலா ராஸ்முஸனும் இரு சகாக்களும் அந்தப் பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு, மெய்யான சீட்டுகள் காட்டிய பகுதிகளில் தேடினார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிராவில் ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது. 113 வருஷங்களாக யாரும் காணாத பறவை. ஆக, பிணமும் பொய் சொல்லும். இன்று அரிய பறவை என்றால் படம் கேட்கிறார்கள். படத்துக்கும் இடமும் தேதியும் ஒரு மனிதன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கர்னலோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வது அபத்தம், கொஞ்சம் அகம்பாவமும்கூட. என் நோட்டை நம்பி யாரும் எங்கும் தேடப் போவதில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலையே ஒரு நண்பரிடம் சொன்னேன். கவிஞர். தொண்டை எப்படியிருந்தது என்று கேட்டார். எலுமிச்சை, என்றேன். ஆறு மாதம் கழித்து அந்த எலுமிச்சைத் தொண்டை அவர் கவிதையில் வந்தது. நல்ல கவிதை. அதைப் பற்றி நானே ஒரு குறிப்பு எழுதி, கண்ணால் கண்டதன் கறார்த்தன்மை அதில் இருப்பதாகப் பாராட்டினேன். இரவல் அனுபவத்தில் கவிதை செய்கிறவர்களை நம் பத்திரிகைகளில் எவ்வளவு காலமாகத் திட்டிவருகிறோம்; நானும் திட்டியிருக்கிறேன்.

போன மாதம் அவரிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்தார். "அதனால் என்ன? கவிதைக்குள் அது இருக்கிறதே" என்றார். அவர் அளவில் அது சரியாக இருக்கலாம். அவர் என்னை நம்பினார், தன் வேலையைச் செய்தார். இரவல் வாங்கியவரிடம் குற்றமில்லை. இரவல் கொடுத்தவனிடம் சரக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. கவிதைக்கு எது ஆதாரம் என்ற சர்ச்சையை இங்கே கிளப்ப விருப்பமில்லை. எனக்கு நேர்ந்தது அதைவிடச் சில்லறையானது, ஆனால் உறுத்துவது. இப்போது அந்தப் புதரை நினைத்தால் தொண்டை தெரிகிறது. எலுமிச்சை மஞ்சள், அதற்குக் கீழே மார்பின் சாம்பல், எல்லாம் ஸ்பஷ்டமாக. அதே நோட்டில் எழுபத்து மூன்று பறவைகள் இருக்கின்றன. அவற்றை நினைத்தாலும் அதே தெளிவுதான். எது கண் கொடுத்தது, எது கை கொடுத்தது என்று பிரிக்க வழியில்லை. ஆறுமணிக் குருவியைப் பார்த்தது நிச்சயம் என்று சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சொல்லிக்கொள்ளலே சந்தேகமாக இருக்கிறது. கூட ஒருவர் இருந்திருந்தால் தகராறு வந்திருக்கும், ஒரு பறவை குறைந்திருக்கும், மற்றவை பிழைத்திருக்கும்.

பேரேட்டில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். நோட்டில் அப்படிச் செய்தாயிற்று. கவிதை அச்சாகிவிட்டது, என் குறிப்பும்தான்.

சென்ற இரண்டாம் சனிக்கிழமை அதே இடத்தில் நின்றேன். புதருக்குள்ளிருந்து சின்னான் குரல், பிறகு ஒரு முதுகு. நண்பரையும் கூட்டி வந்திருந்தேன். அவர் செருப்பில் குத்திய முள்ளைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. 'சின்னான், 1. தலை காணவில்லை' என்று எழுதிக்கொண்டு இறங்கினோம்.