மாம்சம் புசிக்கலாமா? விடலாமா?



கொஞ்ச காலமாக ஒரு கேள்வி மூன்று வாசல் வழியாக என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் உள்ள ஒரு மூப்பர், "பாஸ்டர், ஆட்டுக்கறியை விட்டுடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார், விட்டுடவா?" என்று கேட்டார். உபவாச ஜெபத்தில் வைராக்கியமாயிருக்கிற ஒரு வாலிபத் தம்பி, "ஐயா, கறி தின்னா அபிஷேகம் குறையும்னு சொல்றாங்களே, உண்மையா?" என்றார். மூன்றாவது கேள்வியை யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. அன்பின் விருந்துக்கு மாட்டுக்கறி சமைக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தபோது, சிலருடைய முகம் அதைக் கேட்டது.

முதல் கேள்வி சரீரத்தைப் பற்றியது. இரண்டாவது பரிசுத்தத்தைப் பற்றியது. மூன்றாவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சகோதரனைப் பற்றியது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நமக்குத் தெளிவு வரமாட்டேங்குது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கறி தின்றால் அபிஷேகம் குறையுமா?

ஏதேனில் கொடுக்கப்பட்ட ஆகாரம் விதையும் கனியும்தான் (ஆதியாகமம் 1). ஜலப்பிரளயத்துக்குப் பிறகு நோவாவின் குடும்பத்துக்கு மாம்சம் அனுமதிக்கப்பட்டது, இரத்தம் மாத்திரம் விலக்கப்பட்டது (ஆதியாகமம் 9). எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் இரத்தத்துக்கு விலகியிருக்கும்படியே புறஜாதி விசுவாசிகளுக்கு எழுதினார்கள் (அப்போஸ்தலர் 15). ஆகவே நம் வீடுகளில் ரத்தப் பொரியல் கிடையாது என்பது சரிதான். ஆனால் இரத்தத்தை விலக்கியவர்கள் கறியை விலக்கவில்லையே!

"தானியேல் மரக்கறி தின்றாரே" என்று அந்தத் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. தானியேல் முதலாம் அதிகாரத்தோடு நிறுத்திவிடாமல் பத்தாம் அதிகாரம் வரைக்கும் வாசியுங்கள். அங்கே அவர் துக்கத்தோடு ஜெபித்த மூன்று வாரம் முழுவதும் மாம்சமும் திராட்சரசமும் வாய்க்குள் போகவில்லை என்று எழுதியிருக்கிறது. அந்த மூன்று வாரத்தை அப்படித் தனியாகக் குறிப்பிட்டிருப்பதால், மற்ற நாட்களில் அவர் சாப்பிட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? ராஜாவின் பந்தியில் அவர் மறுத்தது தீட்டை. ஜெப நாட்களில் ஒதுக்கியது ருசியை. கறியைப் பாவம் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. கேரீத் ஆற்றண்டையில் ஒளிந்திருந்த எலியாவுக்குக் காலையிலும் மாலையிலும் காகங்கள் கொண்டுவந்தது அப்பமும் இறைச்சியும் (1 இராஜாக்கள் 17). அந்தக் கறி எலியாவின் அபிஷேகத்தைக் குறைத்துவிடவில்லை.

அப்படீன்னா விருப்பம்போலத் தின்னலாமா? அதுவும் இல்லை. வனாந்தரத்தில் இறைச்சி வேணும் என்று அழுத ஜனங்களுக்குக் காடை வந்தது. அந்த இடத்துக்கு இச்சையின் கல்லறை என்ற அர்த்தத்தில் பெயரும் வந்தது (எண்ணாகமம் 11). கறி அங்கே குற்றவாளி இல்லை. கறி இல்லாமல் இருக்கமுடியாது என்ற அடிமைத்தனம்தான் குற்றவாளி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியுமுன்னே கறிக்கடையில் நெஞ்செலும்பு தீர்ந்துபோகுமே என்று மனசு ஓடுகிறதா? அங்கே நின்று உங்களையே சோதித்துப் பாருங்கள்.

சரீரம் என்ன சொல்கிறது?

மருத்துவர்கள் சிவப்பு இறைச்சி என்று சொல்வது ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் கறியை. கோழியும் மீனும் அந்தக் கணக்கில் வராது. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஒரு முடிவை வெளியிட்டது. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்தப்பட்ட இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும், சிவப்பு இறைச்சி அநேகமாக உண்டாக்கலாம் என்பது அதன் சாரம். முக்கியமாகப் பெருங்குடல் புற்றுநோய். பதப்படுத்தியதைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் அந்த ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்று கணக்கிட்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "கறியும் சிகரெட்டும் ஒண்ணாம்" என்று சிலர் பயந்தார்கள். அப்படியல்ல. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை வைத்துத்தான் அந்த வரிசை, ஆபத்து எவ்வளவு பெரிசு என்பதை வைத்து அல்ல. பதப்படுத்திய இறைச்சி அதிகமாகத் தின்பதால் உலகத்தில் வருஷத்துக்கு சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள் என்றால், புகையிலையினால் சுமார் 10 லட்சம் என்று அப்போதே சொன்னார்கள். 18 சதவீதம் என்பதும் நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வியாதி என்ற அர்த்தம் அல்ல. உதாரணத்துக்கு நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடியது, ஆறு பேருக்கு வரலாம். அவ்வளவுதான்.

பதப்படுத்திய இறைச்சி என்றவுடனே, "அதெல்லாம் வெள்ளைக்காரன் தின்கிற சாசேஜ், நமக்கென்ன?" என்று நினைக்காதீர்கள். நம்ம ஊர் உப்புக்கண்டம் என்ன? உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த கறிதானே! எப்போதாவது இரண்டு துண்டு வறுப்பதில் பயமில்லை. தினமும் வேண்டாம். கறியை நெருப்பில் நேரடியாகக் கருகச் சுடுவதையும் குறையுங்கள். கருகும்போது தீங்கான ரசாயனங்கள் உண்டாகின்றன. குழம்பாக வேகவைப்பது நல்லது.

எல்லா ஆராய்ச்சியாளரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்றும் சொல்லமாட்டேன். 2019-இல் வேறொரு குழு, ஆதாரம் பலவீனமாயிருக்கிறது, இப்போது சாப்பிடுகிற அளவையே தொடரலாம் என்றது. அதற்கு அநேக மருத்துவர்கள் பலமாக மறுப்புத் தெரிவித்தார்கள். அமெரிக்காவில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையாரைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், கறி தின்னாதவர்களுக்கு இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் பொதுவாக அவர்கள் புகைப்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது சுலபமல்ல.

நடுவான ஆலோசனை ஒன்று உண்டு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம், சிவப்பு இறைச்சி சாப்பிடுகிறவர்கள் வாரத்துக்கு வெந்த கறியாக 350 முதல் 500 கிராமுக்கு மேல் போகவேண்டாம் என்கிறது. பச்சைக் கறியாகப் பார்த்தால் ஒரு ஆளுக்கு அதிகபட்சம் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நம்மில் அநேகருக்கு அவ்வளவு வாங்க வசதியே கிடையாது!

ஆகவே மூப்பருக்கு என் பதில்: ஐயா, உங்களைப் பார்த்த டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். விசுவாசத்தைக் காரணம் காட்டி அதைத் தள்ளாதீர்கள். ஆட்டுக்கறியின் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். ஆனால் கறியை மட்டும் விட்டுவிட்டு, தீட்டின வெள்ளை அரிசிச் சோற்றை மூன்று வேளையும் குவித்துச் சாப்பிட்டால் சர்க்கரை குறையாது. நெல் விளைகிற ஊரில் பிறந்த நமக்கு இதைக் கேட்கக் கஷ்டமாய்த்தான் இருக்கும். நம் தகப்பன்மார் தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் கறி கண்டவர்கள். அந்தச் சோற்றையும் நாள் முழுதும் சேற்றில் நின்று செரித்தார்கள். நாம் பைக்கில் போய்க் கறி வாங்கி வந்து, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, படுத்துக்கொள்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு காட்டுகிறது. கீரையிலுள்ள இரும்புச்சத்தைவிட இறைச்சியிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதாக ஏற்றுக்கொள்ளும். நரம்புக்கும் இரத்தத்துக்கும் தேவையான பி12 வைட்டமினும் அதில் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கும் இரத்தம் குறைந்தவளுக்கும் சுவரொட்டி வாங்கிக்கொடு என்று நம் பாட்டிமார் சொன்னது அர்த்தமில்லாமல் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுச் சட்டியைத் திறந்து பாருங்கள். நல்ல துண்டெல்லாம் யாருக்கு? கொலஸ்ட்ரால் உள்ள தகப்பனுக்கு. அடுத்தது மகனுக்கு. வயசுக்கு வந்த மகளுக்கும் சமைத்த தாய்க்கும் மிஞ்சுவது குழம்பும் எலும்பும்! எவனுக்கு ஆகாதோ அவன் இலையில் விழுகிறது, எவளுக்குத் தேவையோ அவளுக்குக் கிடைக்கிறதில்லை. கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருந்தான் என்று பவுல் கடிந்துகொண்டாரே (1 கொரிந்தியர் 11), அது நம் அடுப்படியிலும் நடக்கிறது. சகோதரரே, கறியை விடலாமா என்று கேட்கிறதற்கு முன்னே, என் பங்கை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேளுங்கள்.

வாயில்லா ஜீவனைப் பற்றி ஒரு வார்த்தை

நம் பகுதிக்குச் சொந்தமான மாடு உம்பளச்சேரி. சேற்று வயலில் சளைக்காமல் உழுகிற இனம். திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் அரசுப் பண்ணை வைத்து அதைக் காப்பாற்றுகிறார்கள். டிராக்டர் வந்தபின் உழவுமாடு குறைந்துபோயிற்று. வயதான மாட்டைக் கட்டிவைத்துத் தீனி போடச் சிறு விவசாயிக்குச் சக்தியில்லை, விற்றுவிடுகிறான். அவனைக் குற்றப்படுத்த எனக்கு மனசில்லை. ஆனால் நீதிமான் தன் மிருகத்தின் உயிரையும் நினைக்கிறவன் என்று நீதிமொழிகள் 12 போதிக்கிறது. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்பது நியாயப்பிரமாணம் (உபாகமம் 25). தின்ன அனுமதி உண்டு, வதைக்க அனுமதி இல்லை. மூச்சுமுட்ட லாரியில் அடைத்து, தண்ணீர் காட்டாமல் கொண்டுபோவது பாவமே. மாடு வளர்க்கிற, விற்கிற, வெட்டுகிற விசுவாசிகள் இதைக் கவனிக்கவேண்டும்.

பலவீனன் யார்?

இனி யாரும் கேட்காத அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

மாட்டுக்கறி என்றால் இடறலாகும் என்பார்கள். உடனே ரோமர் 14-ஐயும் 1 கொரிந்தியர் 8-ஐயும் எடுப்பார்கள். போஜனம் என் சகோதரனுக்கு இடறலானால் நான் ஒருக்காலும் மாம்சம் புசிக்கமாட்டேன் என்று பவுல் தீர்மானித்தது சத்தியமே. ஆனால் யார் யாரிடம் அதைச் சொல்கிறார் என்று பாருங்கள். பலமுள்ளவன் பலவீனனுக்காகத் தன் உரிமையை விடுகிறான். நம்மிடத்தில் என்ன நடக்கிறது? நிலமும் பணமும் பேரும் உள்ளவர், "எனக்கு இடறலாயிருக்கிறது" என்கிறார். கூலிவேலை செய்து, ஆட்டுக்கறி வாங்க முடியாமல், தன் தாத்தா காலத்திலிருந்து மாட்டுக்கறி சாப்பிடுகிறவர் தன் சட்டியை மறைத்துக்கொள்கிறார். இதில் பலவீனன் யார்? வசனத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்!

"இல்லை பாஸ்டர், மாட்டுக்கறி உடம்புக்கு ஆகாது, அதான்" என்றும் சிலர் சொல்வதுண்டு. மேலே எழுதியதை மறுபடியும் வாசியுங்கள். ஆடும் மாடும் ஒரே சிவப்பு இறைச்சிதான். குடலுக்கு ஜாதி தெரியாது. ஆட்டுக்கறியை வெளுத்துக்கட்டிவிட்டு மாட்டுக்கறியை மட்டும் ஆரோக்கியக் கேடு என்கிறவர் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசவில்லை.

உண்மையான மனச்சாட்சிக் கஷ்டம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ராஜகோபாலசுவாமி கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கறி வாசனையே அறியாமல் வளர்ந்த ஒரு ஆத்துமா நாளைக்கு இரட்சிக்கப்பட்டு வந்தால், கறியைப் பார்த்ததும் வயிறு புரளும். அவருக்காக அன்றைக்குச் சாம்பாரும் கூட்டும் வைப்பது அன்பு. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. வித்தியாசம் எப்படித் தெரியும்? மனச்சாட்சி, "இதை நான் சாப்பிடலாமா?" என்று கேட்கும். ஜாதி, "இதை யார் சமைத்தது? பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறது?" என்று கேட்கும். முதல் கேள்விக்கு நாம் இடங்கொடுக்கவேண்டும். இரண்டாவது கேள்வி சிலுவையில் அறையப்படவேண்டியது.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடனே பயந்து பந்தியை விட்டு விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை எதிர்த்தார் (கலாத்தியர் 2). ஏன் அவ்வளவு கடினம்? சாப்பாட்டு விஷயம்தானே? இல்லை. பந்தியை விட்டு எழுந்தவுடனே, கிறிஸ்து ஒன்றாக்கினதைச் சுவர் வைத்துப் பிரித்தாயிற்று. வெளியே தேசத்திலும் இது பெரிய சண்டையாயிருக்கிறது. 2017 மே மாதம் மாட்டுச் சந்தைகளுக்கு மத்திய அரசு புதிய விதிகள் கொண்டுவந்தது. மே 30-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அதற்குத் தடை கொடுத்தது. அதே நாளில், சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஒரு மாணவர் அடிபட்டுக் கண்ணில் காயப்பட்டார். இலையில் இருப்பதற்காக மனுஷன் மனுஷனை அடிக்கிற காலத்தில், சபையாவது வேறு விதமாயிருக்கவேண்டாமா?

ஆகவே அன்பின் விருந்தைப் பற்றி நான் சொல்வது இதுதான். மாட்டுக்கறி சாப்பிடாதவர் சாப்பிடவேண்டாம், அவரைக் கேலி செய்யாதிருங்கள். சாப்பிடுகிறவர் வெட்கப்படவேண்டாம், அவரை அற்பமாய் எண்ணாதிருங்கள். இரண்டு சட்டி இருக்கலாம். இரண்டு பந்தி இருக்கக்கூடாது. யாரும் எழுந்து போகவும் கூடாது.

கொழுத்த எருதின் கறி பகையோடு பரிமாறப்படுவதைவிட, சிநேகத்தோடு வைக்கிற கீரையே மேல் என்பது சாலொமோனின் ஞானம் (நீதிமொழிகள் 15). என் வீட்டில் மாதத்துக்கு இரண்டு தடவை கறி, மற்ற நாட்களில் முருங்கைக்கீரையும் மீனும் பருப்பும். உங்கள் வீட்டு அளவை உங்கள் சரீரத்தையும் வருமானத்தையும் பார்த்து ஜெபத்தோடு தீர்மானித்துக்கொள்ளுங்கள். அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை நம் இஷ்டத்துக்கு விட்டுவைக்கவில்லை. அதைக் கர்த்தர் சிலுவையிலே தீர்மானித்துவிட்டார்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.