185 பவுண்டு ஸ்வெட்டர்

ஒரு கம்பளி ஸ்வெட்டருக்கு 185 பவுண்டு கொடுக்கலாமா? இதை அறம் சார்ந்த கேள்வி என்று சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். காசு இருந்தால் வாங்கு, இல்லையென்றால் விடு, இதில் என்ன அறம் என்பார்கள். என்னிடம் காசு இருக்கிறது. அதனால்தான் இது கேள்வியாகவே ஆகிறது. இல்லாதவருக்கு விலைச்சீட்டே பதில் சொல்லிவிடும். இருப்பவன்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் எடின்பரோவில் மென்பொருள் பொறியாளனாக வேலை பார்க்கிறேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே கனமான உடுப்பு இல்லாமல் நடமாட முடியாது. ஒரு சின்னக் கடையில் ஷெட்லாந்து தீவுக் கம்பளியில் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது. சாம்பல் நிறம், கழுத்தைச் சுற்றி ஃபேர் ஐல் பின்னல். நம்ம ஊர்க் காசில் 20,000 ரூபாய்க்குக் குறையாது. பெரிய கடையில் அக்ரிலிக் ஸ்வெட்டர் 25 பவுண்டுக்கே கிடைக்கும். இங்கே இதை ‘ஜம்பர்’ என்கிறார்கள். எங்கள் அமுச்சி காலத்தில் ஜம்பர் என்றால் ரவிக்கை. இருபதாயிரத்துக்கு ஜம்பர் என்று கேட்டிருந்தால் அமுச்சி எனக்கு மந்திரிக்க ஆள் கூப்பிட்டிருப்பார்.

இன்ஜினியர் புத்தி முதலில் எக்ஸெலைத்தான் திறக்கும். விலையை, போடப்போகும் தடவைகளால் வகுக்க வேண்டும். ஒரு குளிர்காலத்தில் 60 தடவை போடுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். அக்ரிலிக் இரண்டு குளிர்காலம் தாங்கினால் 120 தடவை. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 21 பென்ஸ். கம்பளி 10 குளிர்காலம் தாங்கினால் 600 தடவை, 31 பென்ஸ். 15 குளிர்காலம் தாங்கினால் 900 தடவை, அதே 21 பென்ஸ். ஆக, 15 வருஷம் போட்டால் இரண்டும் சமம். அதற்கு மேல் போட்டால் லாபம்.

கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 15 என்ற எண் எங்கிருந்து வந்தது? நான் போட்டது. நல்ல கம்பளி, பார்த்துக்கொண்டால், 15 வருஷம் தாங்கும். நான் தாங்குவேனா என்பதுதான் தெரியாது. அதை வெந்நீரில் மெஷினில் போட்டுச் சுருக்காமல் இருப்பேனா? கோடையில் பூச்சி அரிக்காமல் மடித்து வைப்பேனா? முழங்கையில் ஓட்டை விழுந்தால் தைப்பேனா? என் தொப்பை சம்மதிக்குமா? கம்பளியைப் பற்றிய கணக்கு என்று நினைத்தது, என் குணத்தைப் பற்றிய ஜோசியமாக முடிகிறது. வாங்க ஆசைப்படுகிறவன் 15 என்று போடுவான், பயப்படுகிறவன் 5 என்று போடுவான். இரண்டு பேருக்கும் எக்ஸெல் ‘சரி’ என்றுதான் சொல்லும்.

இந்த இடத்தில் படித்தவர்கள் ஒரு மேற்கோளோடு வருவார்கள். டெர்ரி ப்ராட்செட் 1993-இல் எழுதிய ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில், காவல் அதிகாரி வைம்ஸ் பூட்ஸைப் பற்றி ஒரு கருத்து வைத்திருப்பார். 50 டாலர் கொடுத்து நல்ல பூட்ஸ் வாங்குகிறவனுக்கு அது பத்து வருஷத்துக்கு மேல் உழைக்கும். 10 டாலர் பூட்ஸ்தான் வாங்க முடியும் என்கிற ஏழை, அதே காலத்தில் 100 டாலர் செலவழித்திருப்பான், காலும் ஈரமாகவே இருக்கும். ஏழையாக இருப்பது எவ்வளவு செலவு பிடித்த காரியம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அது ஏழையைப் பற்றிய பேச்சு. 50 டாலர் ஏற்கெனவே பையில் இருப்பவன் அதை எடுத்துக்கொண்டு, ‘பார், விலை அதிகமானதை வாங்குவதுதான் சிக்கனம்’ என்று சொல்லும்போது, வறுமையைப் பற்றிய ஒரு வருத்தம் விற்பனைப் பேச்சாக மாறிவிடுகிறது. என் மாதிரி ஆட்கள் அதை அப்படித்தான் அதிகம் பயன்படுத்துகிறோம்.

கம்பளி நல்ல பொருள் என்பதில் சந்தேகமில்லை. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. நாற்றம் சீக்கிரம் பிடிக்காது. அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் நூல், ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழைகளைத் தண்ணீரில் விடுகிறது. வித்தியாசம் உண்மைதான். ஆனால் அது 160 பவுண்டு வித்தியாசமா என்பதைக் கம்பளி சொல்லாது.

அப்படியானால் ‘தேவை’ என்பதை யார் முடிவு செய்வது? இதைப் பற்றி எழுதிய ஒருவர் இந்த எடின்பரோவில்தான், கேனன்கேட் கல்லறைத் தோட்டத்தில், கிடக்கிறார். ஆடம் ஸ்மித். 1776-இல் வந்த ‘நாடுகளின் செல்வ’த்தில், லினன் சட்டை உயிர்வாழ அவசியமில்லை, பழைய கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமல் நன்றாகத்தான் இருந்தார்கள், ஆனாலும் தன் காலத்தில் ஒரு கூலியாள்கூட லினன் சட்டையில்லாமல் வெளியே வர வெட்கப்படுவார், எனவே அதுவும் அத்தியாவசியம்தான் என்று சொல்கிறார். உடம்புக்கு வேண்டியது மட்டும் தேவை அல்ல, நாலு பேர் முன்னால் கூசாமல் நிற்க வேண்டியதும் தேவை. நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு உதவாது. நான் 25 பவுண்டு ஸ்வெட்டரில் அலுவலகம் போனால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஸ்மித்தின் அதே புத்தகத்தில், முதல் அத்தியாயத்தின் கடைசியில், இன்னொரு உடுப்பு வருகிறது. ஒரு கூலியாளின் முரட்டுக் கம்பளிக் கோட்டு. மேய்ப்பவர், கம்பளியைத் தரம் பிரிப்பவர், சிக்கெடுப்பவர், சாயம் போடுபவர், நூற்பவர், நெய்பவர் என்று எத்தனை பேர் சேர்ந்தால் அந்த ஒரு கோட்டு உருவாகிறது என்று ஸ்மித் வியக்கிறார். அந்தப் பட்டியலைப் படிக்கிற யாருக்கும் அடுத்த கேள்வி தானாக வர வேண்டும். எனக்கு அது புத்தகத்திலிருந்து வரவில்லை. அம்மாவிடமிருந்து வந்தது.

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். தைத்து வரும் துணியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் கண்டுபிடிக்கிற வேலை. போனில் ஸ்வெட்டர் விலையைச் சொன்னதும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பின்னுனவிங்களுக்கு அதுல எத்தன கெடைக்கும் கண்ணு?” என்றார்.

“தெரியலீங்கம்மா” என்றேன்.

விலை உயர்ந்ததை வாங்குகிறவர்கள் நம்புகிற விஷயம் ஒன்று உண்டு. காசு கூடக் கொடுத்தால், அது எங்கேயோ ஒரு நல்ல இடத்துக்குப் போய்ச் சேரும் என்பது. திருப்பூர்க்காரன் அதை அவ்வளவு சுலபமாக நம்பமாட்டான். ஒரே கம்பெனியில், ஒரே லைனில், அதே ஓவர்லாக் மெஷினில், காலையில் மலிவுக் கடைக்கான டி-ஷர்ட்டும் மத்தியானம் விலை உயர்ந்த பிராண்டின் டி-ஷர்ட்டும் ஓடும். தைக்கிறவரும் அதே ஆள். கழுத்தில் வைக்கிற லேபிள்தான் வேறு. பீஸ் ரேட் காசுக் கணக்கில் மாறும், கடையில் விலை பல மடங்கு மாறும். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வந்தால் அதற்குப் பெயர் ஒன்றரை ஷிப்ட். லேபிளைப் பார்த்து அந்த ஒன்றரை ஷிப்ட் நீளுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

விலை குறைவாக இருப்பதற்கும் இதே மாதிரி ஒரு பின்கதை உண்டு. நொய்யலில் 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை திறக்கப்பட்டது, பாசனத்துக்காக. அதில் வந்து தேங்கியது சாயக்கழிவு. தண்ணீர் கேட்டுப் போராட வேண்டிய விவசாயிகள், இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் டி-ஷர்ட் ஐந்து பவுண்டுக்குக் கிடைத்தபோது, மிச்சப் பணத்தை நொய்யல் கட்டிக்கொண்டிருந்தது. மலிவு என்பது பல நேரம் வேறு யாரோ கட்டிவிட்ட பில். விலை உயர்வு என்பது அந்த பில்லை நாம் கட்டிவிட்டோம் என்பதற்கான ரசீது அல்ல. விலை இரண்டு பக்கமும் நம்ப முடியாத சாட்சி.

ஷெட்லாந்துக் கம்பளிக்கு ஒரு காவிய வாசனை இருக்கிறது. கடல், பனிமூட்டம், அடுப்போரம் பின்னும் பாட்டி. 1920-களின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர் எட்வர்டு ஃபேர் ஐல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பொதுவில் வர, அது நாகரிகமாயிற்று. ஆனால் அதற்கு ஐம்பது வருஷம் முன்னால், 1872-இல், வில்லியம் கத்ரி என்பவர் ஷெட்லாந்துக்குப் போய் விசாரணை நடத்தி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். விசாரணை எதைப் பற்றி என்றால், பின்னும் பெண்களுக்கு வியாபாரிகள் காசு கொடுக்காமல் தேயிலையும் துணியும் கொடுத்ததைப் பற்றி. பெண்கள் அந்தத் தேயிலையை எடுத்துக்கொண்டு போய், வேறு யாரிடமாவது மாவுக்கும் கிழங்குக்கும் மாற்றியிருக்கிறார்கள். கைவேலை என்பதாலேயே ஒரு பொருள் நியாயமான பொருளாகிவிடாது.

இதையெல்லாம் கடந்து வந்தாலும் பீட்டர் சிங்கர் வழியில் நிற்பார். 1972-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் கேட்டது இது: குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, இறங்கினால் உன் உடுப்பு சேறாகும், அவ்வளவுதான் நஷ்டம், இறங்கமாட்டாயா? இறங்குவாய் என்றால், தூரத்தில் சாகிற குழந்தைக்கு அந்த உடுப்பின் விலையை ஏன் அனுப்பமாட்டாய்? உதாரணத்திலேயே உடுப்பு வருகிறது, தப்பிக்க வழியில்லை. இந்த வாதத்தை நான் உடைக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கிறேன். 185 பவுண்டு என்றதும் அடிக்கிற இந்த மணி, மாதம் முழுக்க நான்கும் எட்டுமாகக் காபிக்கும் டெலிவரி சாப்பாட்டுக்கும் போகிற பணத்துக்கு அடிப்பதே இல்லை. சர்வரில் அலாரம் வைக்கும்போது ஒரு அளவுக்கு மேல் போனால்தான் அடிக்கும்படி வைப்போம். சின்னச் சின்னக் கசிவு எத்தனை இருந்தாலும் அது தூங்கும். என் மனசாட்சியும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஸ்வெட்டரை வாங்காமல் விட்டால், அந்த 185 பவுண்டு குழந்தைக்குப் போகாது. கசிவில்தான் போகும்.

எனவே கேள்வியை ஸ்வெட்டர் முன்னால் நின்று கேட்பதே தப்பு என்று தோன்றுகிறது. சம்பளம் வந்த அன்றே கேட்க வேண்டும். வள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில் ஐந்து பேரைச் சொல்கிறார்: முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், பிறகு தான். இதற்குப் பரிமேலழகர் சொல்லும் உரை ஒரு பட்ஜெட் மாதிரி இருக்கும். இந்த ஐந்து பேருக்கும் ஐந்து கூறு வேண்டும் என்பதால்தான் அரசனுக்கு வரி ஆறில் ஒன்றாயிற்று என்கிறார். எனக்கு இதில் இரண்டு விஷயம் பிடித்திருக்கிறது. தனக்கென்று எடுத்துக்கொள்வதும் அறம்தான் என்று அந்தப் பட்டியல் ஒத்துக்கொள்கிறது. ஆனால் அது ஐந்தில் ஒன்று, வரிசையிலும் கடைசி. மற்ற நான்கு பங்கும் போன பிறகு, கையில் இருப்பதை வைத்து ஸ்வெட்டர் வாங்குகிறேனா, புத்தகம் வாங்குகிறேனா என்பதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு பங்கும் போகவில்லை என்றால், 25 பவுண்டு ஸ்வெட்டரும் ஊதாரித்தனம்தான்.

அம்மாவின் கேள்வி இன்னும் பாக்கி. கடைக்குப் போய், கடையை நடத்தும் பெண்மணியிடமே கேட்டேன். கேள்வியில் அவர் சங்கடப்படவில்லை. உடல்பகுதியைக் கையால் தள்ளும் பின்னல் மெஷினிலும், கழுத்துப் பின்னலைக் கையாலும் செய்கிறார்களாம். ஷெட்லாந்தில் இருக்கும் ஒரு பெண் தன் வீட்டில் பின்னுகிறார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. “எவ்வளவு என்று அவர்தான் சொல்வார். நான் அதற்கு மேல் என் பங்கைப் போட்டு விற்கிறேன்” என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். “அங்கயும் பீஸ் ரேட்டுத்தானா?” என்றார் முதலில். பிறகு, “அவிங்களே ரேட்டு சொல்றாங்களா? நெசமாவா?” என்று இரண்டு தடவை கேட்டார். திருப்பூரில் ரேட்டை எதிர்ப்பக்கம்தான் சொல்லும், இல்லை சங்கமும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். ஒரு தனி ஆள் தன் வேலைக்குத் தானே விலை சொல்லி, அதை எதிரில் இருப்பவர் ஒத்துக்கொள்வது என்பது அம்மாவுக்குக் கம்பளியைவிட அதிசயமாக இருந்தது. எனக்கும்தான். நான் கொடுக்கும் பணத்தில் நியாயமான பகுதி எது என்று கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

இதை வைத்து, விலை குறைந்ததை வாங்குகிறவர்கள்மேல் கை நீட்ட எனக்கு உரிமையில்லை. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று ஸ்வெட்டர் வாங்க வேண்டிய தாய்க்கு 25 பவுண்டே பெரிய தொகை. அது மட்டுமில்லை. என் இன்ஜினியரிங் ஃபீஸைக் கட்டியது 15 வருஷம் தாங்கும் உடுப்பு அல்ல. ஒரு சீசனில் சாயம் போய், அடுத்த சீசனில் யாரோ மறுபடி வாங்கிய டி-ஷர்ட்தான் கட்டியது. உலகமே நாளைக்கு என் மாதிரி ஒரே ஸ்வெட்டரை 15 வருஷம் போட ஆரம்பித்தால், திருப்பூரில் ஒரு லைன் நிற்கும், அந்த லைனில் ஒரு அம்மா செக்கிங் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் ‘குறைவாக வாங்கு, நல்லதாக வாங்கு’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நான் வாங்கப் போகிறேன். இந்த மாதம், மற்ற பங்குகள் போன பிறகு, என் பங்கிலிருந்து. கூடவே அதே நிறத்தில் ஒரு கண்டு நூலும், முனை மழுங்கிய ஊசியும். எக்ஸெலில் 15 என்று எழுதிய கட்டம் அப்படியே இருக்கிறது. 185 பவுண்டு அதை நிரப்பாது. வருஷா வருஷம் கையால் அலசி, நிழலில் பரப்பிக் காயவைத்து, கிழிந்த இடத்தைத் தைத்துத்தான் நிரப்ப வேண்டும்.