சாய்ந்த வேலிக்கு அப்பால்

இரவு வீசிய காற்றில் அயலவருடைய வேலி சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் உங்கள் முற்றத்தில் நின்றபடியே அவர்களுடைய அடுப்படிவரை பார்க்கலாம். வேலியைச் சாய்த்தது நீங்கள் அல்ல. அப்படியானால் பார்ப்பதில் என்ன குற்றம்?

இந்தக் கேள்வி இன்று கணினி வழியாக நம்மிடம் வந்திருக்கிறது. நிறுவனங்களிலிருந்து களவாடப்பட்ட மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் இணையத்திற் குவிந்து கிடக்கின்றன. 2013ஆம் ஆண்டில் அடோபி நிறுவனத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 15 கோடிக் கணக்குகளின் விபரம் வெளியே போயிற்று. இக்குவியலைத் துழாவித் தரும் கருவிகளும் உண்டு. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டி, ஒருவருடைய முகவரியைக் கொடுத்தாற் போதும். ஒரு நிறுவனத்தின் இணையப் பெயரைக் கொடுத்தால், அங்கு வேலை செய்வோரில் அகப்பட்டவர் எல்லாருடைய விபரமும் வரிசையாக வந்து விழும்.

தன்னைப் பற்றித் தேடுவது தவறன்று; அது புத்தி. ஒரே சொல்லைப் பல இடங்களில் வைத்திருப்பவரே நம்மிற் பலர். ஓரிடத்திற் களவுபோன சொல்லைக் கொண்டு வேறிடத்துக் கதவையும் திறந்து பார்ப்பது கள்வர் வழக்கம். அவுஸ்திரேலியரான ட்ரோய் ஹன்ற் 2013இல் தொடங்கிய தளம் இதற்காகவே ஏற்பட்டது. அது எந்தக் களவில் உங்கள் முகவரி அகப்பட்டது என்று சொல்லும், கடவுச்சொல்லைக் காட்டாது. ஒரு நிறுவனத்தின் பெயரில் முழுவதையும் தேட விரும்பினால், அந்தப் பெயர் உங்கள் பொறுப்பில் உள்ளதென்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதாவது, “இது உன் வீடுதானா?” என்று கருவியே கேட்கிறது!

வேறு விதமான கடைகளும் இருந்தன. ஒன்று, 1200 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் தன்னிடம் உண்டென்று சொல்லி, கேட்டவருக்கெல்லாம் பிறருடைய கடவுச்சொற்களைக் காசுக்குக் கொடுத்தது. 2020 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் அதை முடக்கினர். நெதர்லாந்திலும் வட அயர்லாந்திலுமாக இருவர் கைதாயினர்.

“காசு வாங்குவது குற்றந்தான், நான் சும்மா பார்க்கிறேன். எல்லாம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதே” என்பார் சிலர். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் ஒரு கடவுச்சொல்லில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இறந்துபோன தாயின் பெயர், பிள்ளையின் பிறந்த நாள், ஒருகாலத்தில் நேசித்த ஒருவர். யாரும் பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கையில் மனம் எழுதிவைத்த சொல் அது. கோடி அந்நியர் கையில் அது வெறும் எழுத்து. அவரை அறிந்த உங்கள் கையிலோ அவருடைய அந்தரங்கம். உலகமெல்லாம் அறிந்தாலும், நீங்கள் அறிவது வேறு.

2015 ஓகஸ்டில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. மணமானவர்கள் இரகசிய உறவு தேடும் அஷ்லி மடிசன் என்ற தளத்திலிருந்து 3 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் களவாடி வெளியிடப்பட்டன. அத்தளத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அங்கு முகவரிகள் சரிபார்க்கப்படவேயில்லை; யாரும் யாருடைய முகவரியையும் இட்டிருக்கலாம். ஊர் விடவில்லை, தேடியது. பயமுறுத்திப் பணம் பறித்தவர்களும் கிளம்பினர். இரு தற்கொலைகள் இதனோடு தொடர்புடையவை எனத் தகவல் வந்திருப்பதாகவும், அது இன்னும் உறுதியாகவில்லை என்றும் அம்மாதமே ரொறன்ரோ பொலிசார் கூறினர். ஹன்ற் தம் தளத்தில் அப்பட்டியலைப் பகிரங்கத் தேடலுக்கு விடவில்லை. முகவரிக்குரியவர் மட்டுமே தம்மைப் பற்றி அறிய முடியும்.

கணவனை நம்பாத மனைவி, மகனைப் பற்றிக் கவலைப்படும் தகப்பன் – இவர்களுக்கு நான் என்ன சொல்வேன்? அவர்கள் வேதனை உண்மையானது. எனினும் திருட்டுப் பட்டியலில் அகப்படும் விடை, வீட்டில் நேரே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை விழுங்கிவிடும். பெயர் இல்லையென்றால் நிம்மதி வருமா? அடுத்த பட்டியலைத் தேடத் தோன்றும், அவ்வளவுதான்.

நண்பரை எச்சரிக்க விரும்புகிறவருக்கும் வழியுண்டு. “அண்ணை, இன்ன நிறுவனத்தில் களவு போயிருக்குதாம். உங்களுக்கும் அங்கே கணக்கு இருக்கெல்லோ, ஒருக்காப் பார்த்து மாத்திவிடுங்கோ” என்றால் போதும். அவருடைய சொல் என்னவென்று நீங்கள் பார்த்திருக்க வேண்டியதில்லை. தற்செயலாகக் கண்ணிற் பட்டுவிட்டதென்றால், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வது அவ்வளவு சுலபமன்று.