தன்னியல்பும் சார்பியல்பும்

ஒரு பொருளின் குணம் அப்பொருளுக்கே உரியதா, அன்றி அது எதைச் சார்ந்து நிற்கிறதோ அதனால் அமைவதா என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. உலோகப் பரப்பின்மீது படிந்த ஒற்றை மூலக்கூறின் காந்தத் தன்மையை எழுப்பவும் அடக்கவும் இயற்பியல் கற்றுக்கொண்ட பின்னர், அவ்வினா ஆய்வுக்கூடத்திலேயே எழக்கூடியதாகிவிட்டது. கனடாவின் மாண்ட்ரியல் நகரிலிருந்து இதைச் சிந்திப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. அங்குள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1898 முதல் 1907 வரை பணியாற்றிய இயற்பியலாளர் ரதர்ஃபோர்டு, வேதியியலாளர் சாடியுடன் சேர்ந்து, தனிமம் ஒன்று தானாகவே வேறொரு தனிமமாக மாறுவதைக் காட்டி, மாறாத தன்னியல்பு என்ற எண்ணத்தையே அசைத்தார். அதே பல்கலைக்கழகத்திற்கு 1966இல் வந்து, நூறு வயது கடந்து 2020இல் மறைந்த மரியோ புங்கே, இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று மெய்யியலுக்குள் நுழைந்தவர். பொருளும் குணமும் எவ்வாறு பொருந்தி நிற்கின்றன என்பதை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர்.

எலக்ட்ரானுக்கு நிறையும் மின்னூட்டமும் இருப்பதுபோலவே ‘ஸ்பின்’ எனப்படும் தற்சுழற்சியும் உண்டு. அது உண்மையில் பம்பரம்போல் சுழல்வதன்று. ஒரு திசையில் அளந்தால் இரண்டே மதிப்புகளுள் ஒன்றைத் தரும் காந்த இயல்பு அது. எலக்ட்ரான்கள் இணையிணையாக அமையும்போது எதிரெதிர்ச் சுழற்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ள, இணையின்றித் தனித்து நிற்கும் எலக்ட்ரானே மூலக்கூறுக்குக் காந்தத் தன்மையைத் தருகிறது.

நான்கு இதழ்கள் விரிந்த தட்டையான வடிவில், நடுவே ஒரு கோபால்ட் அணுவைக் கொண்ட கோபால்ட் தாலோசயனின் அத்தகைய மூலக்கூறு. சீனாவின் ஹெஃபேய் நகர ஆய்வாளர்கள் அதைத் தங்கப் பரப்பின்மீது படியவைத்தபோது, தங்கத்தின் எலக்ட்ரான்களோடு கோபால்ட் நெருங்கிக் கலந்ததால் அதன் காந்தம் அடியோடு ஒடுங்கியது. பின்னர், பரப்பை வருடிக் காட்டும் ஊடுருவு நுண்ணோக்கியின் (STM) கூர்முனையிலிருந்து மின்துடிப்புகளைச் செலுத்தி, இதழ்களின் ஓரத்திலிருந்த எட்டு ஹைட்ரஜன் அணுக்களை வெட்டி நீக்கினர். வெட்டுண்ட ஓரங்கள் நான்கும் தங்கத்தோடு பிணைந்துகொள்ள, மூலக்கூறு வளைந்து, நடுவிலிருந்த கோபால்ட் மேலெழும்பியது. ஒடுங்கிய காந்தமும் மீண்டது. 2005இல் வெளிவந்த இந்த ஆய்வில் ஆழ்ந்து நோக்கத்தக்கது, காந்தம் மீண்டது எவ்வாறு அறியப்பட்டது என்பதே. காந்த அணு ஒன்று உலோகத்துள் இருந்தால், குளிர்நிலையில் உலோகத்தின் எலக்ட்ரான்கள் அதன் தற்சுழற்சியைச் சூழ்ந்து, தம் எதிர்ச்சுழற்சியால் மறைக்க முற்படுகின்றன. காந்த அணுக்கள் மாசாகக் கலந்த உலோகங்களின் மின்தடை மிகுந்த குளிர்நிலையில் மீண்டும் கூடுவதற்கான காரணத்தைத் தேடிய ஜப்பானிய அறிஞர் ஜுன் கோண்டோ, காந்த அணுவுக்கும் உலோக எலக்ட்ரான்களுக்கும் இடையிலான இந்த ஊடாட்டத்தை 1964இல் விளக்கினார். வெட்டப்பட்ட மூலக்கூறில் தோன்றியது அந்தக் கோண்டோ விளைவின் அடையாளம். அதாவது, காந்தம் இருக்கிறது என்பதற்குக் கிடைத்த சான்று, அது மறைக்கப்படுகிறது என்பதே; முதல் நிலையில் மறைப்பதற்கும் ஒன்றுமில்லாமையால் அடையாளமும் இல்லை. அழிந்ததும் மறைந்ததும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும், உண்மையில் வேறு வேறு என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் எடுத்துக்காட்டு மெய்யியலார்க்கு எளிதில் வாய்ப்பதன்று.

குவாண்டம் இயற்பியலை மேற்கோளாக்கி, காண்பவரின் மனமே உலகைப் படைக்கிறது என்று சொல்லிவிடும் வழக்கம் ஆன்மிக நூல்களில் பெருகியிருக்கிறது. இது வருந்தத்தக்கது, மேற்கண்ட சோதனை அவ்வழக்கிற்கு இடம் தருவதுமில்லை. மூலக்கூறின் காந்தத்தை ஒடுக்கியது தங்கம். பார்ப்பவரின் எண்ணம் அன்று. புங்கே இதைத்தான் இடைவிடாது வலியுறுத்தினார். ஒரு பொருளுக்குத் தனித்தே உள்ள குணங்களும் பிற பொருள்களோடு கொண்ட உறவால் வரும் குணங்களும் வேறு எனப் பிரித்த அவர், உறவால் வருவது என்பதற்காக ஒரு குணம் பொய்யாகிவிடாது, அதற்குக் காண்பவர் எவரும் தேவையுமில்லை என்று கொண்டார்.

பொருள்முதல்வாதியான புங்கே ஆன்மா என்னும் தனிப்பொருளை ஏற்றவரல்லர். ஆயினும் அதே மாண்ட்ரியலில், ஈழத்திலிருந்து சென்ற சைவர்கள் கோயில் அமைத்து வழிபடும் மரபின் தத்துவம் இவ்விடத்தில் ஒரு படி மேலே செல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதத்தை முதன்மை நூலாகக் கொண்ட சைவ சித்தாந்தம், ஆன்மாவின் இயல்பைச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்கிறது. தன் அருகிலுள்ளதன் நிறத்தைப் படிகம் காட்டுவதுபோல, எதைச் சார்கிறதோ அதன் தன்மையை ஆன்மா அடைகிறது. நிறம் வெளியிலிருந்து வருவதே. ஆனால் அதை ஏற்கும் தகுதி படிகத்தினுடையது, கருங்கல்லுக்கு அது இல்லை. ஆகவே தன்னியல்பா, சார்பியல்பா என்ற வினா ஒன்றை ஏற்று ஒன்றைத் தள்ளும் வினாவாக நில்லாமல், சார்பை ஏற்கும் ஆற்றலே தன்னியல்பு என்னும் விடையைப் பெறுகிறது. ஆணவ மலம் எனப்படும் அகவிருள் ஆன்மாவின் அறிவை மறைக்குமேயன்றி அழிக்காது என்ற கோட்பாடும், அழிதலும் மறைதலும் வேறு என மேலே கண்டதோடு இயைந்தது.

இவ்வொப்புமை சித்தாந்தத்தை அறிவியல் மெய்ப்பித்துவிட்டதாகப் பொருள்படாது. தங்கம் அறிவற்றது, மூலக்கூறு அனுபவமற்றது. எனினும் ஒன்று கருதத்தக்கது. கோபால்ட்டின் காந்தம் மீண்டது, மூலக்கூறு தங்கத்தை விட்டு நீங்கியதால் அன்று. அது தங்கத்தோடு முன்னினும் உறுதியாக, வேறு வகையில் பிணைந்ததால். சித்தாந்தத்தின் முத்தியும் சார்பற்ற தனிமையன்று. பாசம் என்னும் தளையைச் சார்ந்திருந்த ஆன்மா அதனை விட்டுப் பதியாகிய இறைவனைச் சார்வதே அது. அங்குச் சார்பின் வகை மட்டுமன்றிச் சாரப்படும் பொருளும் மாறுகிறது என்பதே இரண்டுக்கும் இடையில் எஞ்சும் வேறுபாடு.