களைந்த மாலை

சிவன் கோயிலில் சாமிக்குச் சாத்திக் களைந்த மாலைக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அது சண்டிகேசுவரரைச் சேரும். களைந்த பின்னும் ஒரு பொருள் அநாதையாகக் கூடாது என்று சைவம் செய்து வைத்த ஏற்பாடு இது. ஹாலிஎல பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சண்டிகேசுவரருக்குச் சந்நிதி இல்லை. திருவிழா முடிந்தால் மாலை, கற்பூரப் பெட்டி, பிளாஸ்டிக் கப் எல்லாம் பின்புறக் கானுக்குப் போகும். அங்கிருந்து ஓடைக்கு, பதுளு ஓயாவுக்கு, மகாவலிக்கு. அணைகளில் சிக்காமல் தப்பியது கொட்டியாரக் குடாவில், கோணேசர் மலையை அடுத்த கடலில் சேரும். அம்மனிடம் கழித்ததை ஐயனிடம் அனுப்புகிறோம்.

பழி முழுக்க எங்களுடையது அல்ல. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடங்கொடுக்கவில்லை. அதைத் திருத்தியது 2018இல்தான். இன்றும் கோயில் குப்பையை த்ரீவீலில் ஏற்றி, டவுனை ஒட்டிய தரம்பிரிக்கும் இடத்துக்கு நாங்களேதான் கொண்டு போக வேண்டும். அப்படிக் கொண்டு போனபோது அங்கே மாலையை வாங்கிப் பார்த்த பெண், “பூ உக்கும், நைலோன் நூல் உக்காது. பிரிச்சுக் கொண்டாங்க” என்றார்.

இதைக் கேட்டுக் கோயில் கமிட்டியில் மூத்தவர் ஒருவர் கொதித்தார். சாமி மாலை கால்படக் கூடாது, ஓடும் தண்ணீரில்தான் விட வேண்டும் என்றார். வாழைநாரில் கட்டிய காலத்தில் அது சரியான விதிதான். “கான் அள்ளுறது வாசக்கூட்டி வாங்கி வந்த வரம், நமக்கென்ன?” என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பர் உழவாரப் படையால் கோயில் முற்றத்தைச் செதுக்கினால் தொண்டு, தோட்டத்தைக் கூட்டும் வாசக்கூட்டி கானைச் செதுக்கினால் வினைப்பயனா?

முத்தியங்கணை விகாரைக்குப் போகும் சிங்கள நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் புத்தர் காலத்துச் சுனீதரின் கதையைச் சொன்னார். வாடிய பூவை அள்ளிக் கொட்டிப் பிழைத்தவர். புத்தர் அவரைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். பெரிய மனசுதான். ஆனால் சுனீதர் போன பிறகு மறுநாள் பூவை அள்ளியது யார்? அப்பரோ அந்த வேலையைத் தாமே வலியக் கையில் எடுத்தவர். அதனால் என் சாய்வு அப்பர் பக்கம்.

இம்முறை ஒரு தீர்மானம் போட்டோம்: மாலையிலிருந்து நூலை உருவுவது உபயகாரர் குடும்பத்தின் பொறுப்பு. பூ செவ்வரத்தை அடியில் வெட்டிய குழிக்கு, நூல் மூட்டைக்கு. வேலை நடந்தது. உருவ உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். உபயகாரர்கள் பந்தலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் அதற்கும் ஒரு தீர்மானம் எழுத வேண்டியிருக்கும்.