திரும்பிய முகம்

வெள்ளிக்கிழமை விடிகாலை, செஞ்சி ஆட்டுச் சந்தை. வாங்க வந்தவர் கிடாவின் முதுகைத் தடவுகிறார், வாயைப் பிளந்து பல் பார்க்கிறார். விற்பவரின் கண் ஆட்டின்மேல் இல்லை. தடவும் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கை எங்கே சற்று நின்றுவிடுகிறதோ, அங்கே அவர் விலையை ஏற்றிவிடுவார்.

மாட்டுச் சந்தைகளில் இதற்கென்றே துண்டு உண்டு. தரகர் கையைத் துண்டால் மூடி, அடியில் விரலைப் பிடிப்பார். பிடித்த விரல்தான் விலை. பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. விரலுக்கு என்ன பொருள் என்பது முன்பே பேசி வைத்தது, அதனால் பிசகாது. முகத்துக்கு அப்படி யாரும் பேசி வைக்கவில்லை.

*

சிங்கவரம். செஞ்சிக்கு வடக்கே குன்றைக் குடைந்து எடுத்த பல்லவர் காலக் கோயில். அரங்கநாதர் பாறையிலேயே பள்ளிகொண்டிருக்கிறார். பட்டாச்சாரியார் தீபத்தைத் திருமுகத்திலிருந்து திருவடி வரை மெல்லக் கொண்டுபோகிறார். முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது.

ஊரில் சொல்வது இது: தேசிங்கு ராஜன் போருக்குப் புறப்படும்முன் இங்கே வந்து உத்தரவு கேட்டான். பெருமாள் வாய் திறக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் போனான். 1714 அக்டோபர் 3, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டான். வயது 22. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டை என்ற பெயர் அவள் நினைவில் வந்தது.

கணக்குப் பார்த்தால் அந்தக் குடைவரை தேசிங்குக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. அதைச் சொல்லிக் கதையைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை செத்தபின், 'ஒருத்தராவது தடுத்திருக்கக் கூடாதா' என்று ஊர் தவித்திருக்கிறது. தடுத்தவர் ஒருவரை அந்த முகத்தில் கண்டுகொண்டது.

*

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டு என்று எண்ணியது. முகம் திருப்புவதை எதில் சேர்ப்பது? வெகுளியிலா, இளிவரலிலா, கண்ணீரை மறைத்த அழுகையிலா? மூன்றுக்கும் கழுத்து ஒரே மாதிரிதான் திரும்புகிறது.

வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரம் வைத்தார். 71-ஆவது பொருட்பாலில், அரசன் முகம் பார்த்து நடப்பவர்களுக்கு. 110-ஆவது காமத்துப்பாலில், காதலியின் கண்ணைப் பார்ப்பவனுக்கு. அப்பாவின் முகத்தைப் படிக்கத் தனி அதிகாரம் இல்லை. எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

கடைசி நாலைந்து வருடம், நான் பேச ஆரம்பித்தால் அப்பா முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்வார். கோபம் என்று எடுத்துக்கொண்டேன். நிலம் விற்றதில் வந்த மனத்தாங்கல் என்று காரணமும் நானே கண்டுபிடித்தேன். பேச்சைக் குறைத்தேன். ஊருக்கு வந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து நாலு வார்த்தை, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் அம்மா சொன்னாள்: "அவருக்கு இடது காது சுத்தமா கேக்காது. நீ பேசினா ஒரு வார்த்தை விடக்கூடாதுன்னு வலது காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டு இருப்பாரு. புள்ளகிட்ட சொல்லிடாதன்னாரு."

இதை எழுதும்போதும் கை நின்றுவிடுகிறது.

*

இன்று மறுபடி சிங்கவரம் படி ஏறினேன். தீபம் திருமுகத்தருகே நின்றது. தேசிங்குக்கு உத்தரவு கிடைக்காமல் போயிருக்கலாம். அவன் சொன்னதைப் பெருமாள் காது கொடுத்துக் கேட்டார் என்றே இன்று தோன்றியது. கண்ணை மூடாமல் நின்றேன்.

இறங்கி வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். எந்தக் காதில் வைத்திருக்கிறாய் என்று முதலில் கேட்டேன். இரண்டும் நன்றாகவே கேட்கிறது என்றாள்.