ஆற்றங்கரையில் ஒரு கோடு

காஞ்சிபுரத்தில், பழைய நூல்கள் திருவெஃகா என்று சொல்லும் கோயிலில் பெருமாள் கிடந்த கோலத்தில் இருப்பதற்குக் காரணம் ஒரு வெள்ளம். பிரமன் செய்த வேள்வியை அழிக்கச் சரஸ்வதி வேகவதி ஆறாகப் பெருகி வந்தாள், திருமால் குறுக்கே அணையாகக் கிடந்து தடுத்தார் என்கிறது தலபுராணம். அதே பெருமாளைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. பல்லவ மன்னன் கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். கணிகண்ணனுடைய குருவான திருமழிசை ஆழ்வார் பெருமாளையும் எழுந்து வரச் சொன்னார். பெருமாள் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போய்விட்டார். மன்னன் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் திரும்பினார். ஆற்றுக்கு எல்லை போட்டவரும் அவரே, வெளியேற்றப்பட்டவனோடு நடந்தவரும் அவரே. வேகவதி விஷயத்தில் இந்த இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்யவேண்டிய இடத்தில் காஞ்சிபுரம் இன்று நிற்கிறது.

ஊரை ஒட்டி ஓடிப் பாலாற்றில் சேரும் ஆறு அது. ஓடும் என்று சொல்வதுகூடப் பாதி மரியாதைக்குத்தான். ஆண்டில் பெரும்பகுதி சாக்கடையும் சாயக் கழிவும்தான் அதில் போகின்றன. கரையிலும் படுகையிலும் வீடுகள் ஏறிவிட்டன. 2015 மழைக்குப் பிறகு அதிகாரிகள் எண்ணியபோது சுமார் 1,400 வீடுகள் தேறின. அங்கே இருப்பவர்களுக்காக நகருக்கு வெளியே கீழ்கதிர்ப்பூரில் குடிசை மாற்று வாரியம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. பலர் போகத் தயங்கினார்கள். சட்டப்படி பார்த்தால் தயங்க இடமே இல்லை: ஆற்றுப் புறம்போக்கு யாருக்கும் சொந்தமில்லை, மாற்று வீடும் தயார். பிறகு ஏன் தயக்கம் என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் ஒரு தறிக்குழியைக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

காஞ்சிப் பட்டு குழித்தறியில் பிறந்தது. தரையில் இடுப்பளவு குழி தோண்டி, நெசவாளர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. கோர்வைப் புடவை என்றால் புடவைக் கரைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண் அல்லது பையன். பாவு நீட்டுவதற்கு நீளமான தெரு வேண்டும், அதுவும் வெயில் ஏறுமுன் ஆளரவம் குறைந்த தெரு. அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுக்க வேண்டும். மூன்றாவது மாடியில் குழி தோண்ட முடியாது. சட்டத்தறி போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கான செலவும், தளம் தாங்குமா என்ற கேள்வியும், கீழ்வீட்டுக்காரரின் தூக்கமும் இருக்கின்றன. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் எல்லோரும் நெசவாளர்கள் இல்லை. கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் நிறைய. அவர்களுக்கோ தினப்படி பேருந்துச் செலவும் நேரமும்தான் கணக்கு. எப்படிப் பார்த்தாலும், ஒரு வீட்டுக்கு ஈடாக இன்னொரு வீட்டைக் கொடுத்ததும் கணக்கு நேராகிவிட்டது என்று நினைப்பது, அந்த வீட்டுக்குள் நடக்கிற பிழைப்பைக் கணக்கில் எடுக்காத நினைப்பு.

இதைச் சொன்னவுடனே, அப்படியானால் அவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. ஏழைகள் மீது இரக்கம் என்ற பெயரில் நாம் செய்யும் பெரிய கொடுமைகளுள் இதுவும் ஒன்று. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வரும்போது முதலில் நனைவது படுகையில் இருப்பவர்தான். ஆற்றின் அகலம் குறையக் குறைய, சட்டப்படி வீடு கட்டி வரி கட்டுகிற அடுத்த தெருக்காரர் வாசலிலும் தண்ணீர் ஏறும். ஆற்றுக்கு வேண்டிய இடத்தை வீடுகளுக்கு விட்டுக்கொடுப்பது அரசின் பெருந்தன்மை ஆகாது; தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை, இன்னும் பிறக்காதவர்களுடைய பங்கை எடுத்து நீட்டும் செயல் அது. ஆகவே கோடு வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. அந்தக் கோடு யாருக்கு எப்படி நிற்கிறது என்பதில்தான் நியாயம் தடுமாறுகிறது.

நீதிமன்றங்கள் இதில் தெளிவாகவே பேசியிருக்கின்றன. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2005-ல் எல்.கிருஷ்ணன் வழக்கில் உத்தரவிட்டது. 2007-ல் ஏரிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைக் காட்டி முந்தைய உத்தரவைத் தளர்த்த முடியாது என்று 2015-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. குடிசைக்காரருக்கு எதிராக இந்த வரிகள் இரும்பாக நிற்கின்றன. ஆனால் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், வேகவதியிலிருந்து அதிகத் தொலைவில்லாத பரந்தூரில் என்ன நடக்கிறது? 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட புதிய விமான நிலையத்துக்காகக் குறிக்கப்பட்ட நிலத்தில் ஏரிகளும் குளங்களும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஏரிவரை வழிநெடுக ஏரிகளை நிரப்பிச் செல்லும் கம்பன் கால்வாயும் அதன் ஊடே போகிறது. அந்தத் திட்டத்துக்குள் வரும் ஏகனாபுரத்தின் கிராம சபை வேண்டாம் என்று திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டுவிட்டது. 2023-ல் சட்டமன்றம் ஒரு நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், உள்ளே நீர்நிலையோ ஓடையோ இருக்கும் திட்டத்தைச் சிறப்புத் திட்டம் என்று அறிவித்து நிலத்தை ஒருங்கிணைக்க அது வழிசெய்கிறது. நீர்நிலையைப் பாதுகாக்கும் திட்டம் ஒன்றைத் தந்தாக வேண்டும், நிபுணர் குழு அதை ஆராயும் என்று ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். அது வெறும் காகிதமாகப் போகாமலும் இருக்கலாம். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மூன்று சென்டில் குடிசை போட்டவருக்கு, ஏரியை நகர்த்திப் பாதுகாக்க ஒரு திட்டம் தருகிறேன் என்று மனுப்போடும் வசதி எந்தச் சட்டத்தில் இருக்கிறது? சின்ன ஆக்கிரமிப்புக்குப் பெயர் குற்றம், பெரியதற்குப் பெயர் திட்டம் என்றால் சாமானியர் சட்டத்தை மதிக்க என்ன காரணம் சொல்வது?

கடல் பக்கமும் இதே கதைதான். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை கோவளமும் முட்டுக்காடும் மாமல்லபுரமும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. மத்திய அரசின் 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை அலை ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் தூரத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கடலேற்றம் பாயும் ஆறுகளுக்கும் கழிமுகங்களுக்கும் கரையில் 100 மீட்டர். 1994-ல் அந்த நூறை ஐம்பதாக்கித் திருத்தினார்கள். 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கையில், அதே கழிமுகக் கரைகளுக்கு மீண்டும் 50 மீட்டர் அல்லது கழிமுகத்தின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-ஐத் தாண்டிய கடலோர ஊர்ப்புறங்களில் கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. கோட்டை யாரும் அழிக்கவில்லை. அவ்வப்போது கொஞ்சம் நகர்த்திவைக்கிறார்கள். நெருக்கமான மீனவர் குப்பங்களுக்கு இதனால் வீடு கட்ட இடம் கிடைக்கும் என்பது உண்மை. அந்த இடத்தை மீனவர் வாங்குவாரா, அவரிடமிருந்து விடுதிக்காரர் வாங்குவாரா என்பதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை போய்வந்தால் ஊகித்துவிடலாம்.

டெல்லியும் சென்னையும் இப்படிக் கோட்டை நகர்த்துகின்றன என்றால், கோட்டை ஊரிடமே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். தமிழ்நாட்டில் இதைப் பேசும்போது யாராவது உத்திரமேரூரைக் கொண்டுவராமல் இருக்க மாட்டார்கள்; இந்த மாவட்டத்துக்காரர்கள் நிச்சயம் கொண்டுவருவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம், அவர்களுக்கு ஓராண்டுப் பதவி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது. இந்த ஒரு விதியை மட்டும் இன்றைய உள்ளாட்சித் தேர்தலுக்குக் கொண்டுவந்தால் எத்தனை வேட்புமனுக்கள் மிஞ்சும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஆனால் பெருமை பேசும்போது நாம் தாண்டிப்போகிற வரிகளும் அதே கல்லில் இருக்கின்றன. குடத்தில் பெயர் இடப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறைகட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வேகவதிக் கரையில் இருப்பவர் எவருடைய பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. ஏரியை நன்றாகக் காத்த ஊர் அது. யாருடைய ஏரி என்பதிலும் அதற்குச் சந்தேகம் இருக்கவில்லை.

உள்ளாட்சியின் இன்னொரு பலவீனத்தைக் கேரளத்தின் மரடு காட்டியது. கொச்சியை ஒட்டிய காயல் கரையில், தடை செய்யப்பட்ட பகுதியில் அடுக்குமாடி கட்ட 2006-ல் அனுமதி கொடுத்தது அந்த ஊர்ப் பஞ்சாயத்துதான். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2020 ஜனவரியில் நான்கு குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். குடியிருந்தவர்களுக்கு வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய்வரை இடைக்கால இழப்பீடு தர நீதிமன்றம் ஆணையிட்டது. அது சரியான ஆணைதான். அனுமதியை நம்பித்தானே அவர்கள் வாங்கினார்கள். நம்பிக்கை என்பதுதான் அளவுகோல் என்றால், அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும். நம் ஊர்ப் புறம்போக்குக் குடியிருப்புகள் பலவற்றில் மின் இணைப்பு கொடுத்தவர் யார், வீட்டு வரி ரசீது எழுதியவர் யார், தேர்தலுக்குத் தேர்தல் தெருவிளக்கு போட்டவர் யார்? அந்த ரசீதும் ஓர் அனுமதிதான். மரடில் முத்திரை குத்திய தாள், இங்கே முத்திரை மங்கிய தாள், அவ்வளவுதான்.

ஊருக்குத் தண்ணீரின் போக்கு தெரியும். எந்த மழைக்கு எந்தத் தெரு மூழ்கும் என்பதை எந்த நிபுணர் குழுவையும்விட அது நன்றாகச் சொல்லும். ஊருக்குச் சொந்தபந்தமும் உண்டு, ஒப்பந்தக்காரரும் உண்டு. அரசுக்குத் தொலைவிலிருந்து பார்க்கும் நிதானம் இருக்கலாம். முதலீட்டாளரைக் கண்டால் அது போய்விடுகிறது. ஆகவே இருவரில் யார் நல்லவர் என்று தேர்ந்தெடுப்பதால் பயனில்லை. அதிகாரத்தை ஒரு பக்கமாக மட்டும் பிரிக்கலாம்: நீர்க்கரைக் கோட்டை இறுக்கும் உரிமை ஊருக்கு இருக்கட்டும், தளர்த்தும் உரிமை ஊருக்கும் வேண்டாம், அரசுக்கும் வேண்டாம். மத்திய அறிவிக்கை ஐம்பது மீட்டர் என்றால், நூறு வேண்டும் என்று சொல்ல கோவளத்துக்கு உரிமை உண்டு. இருபத்தைந்து போதும் என்று சொல்ல உரிமை இல்லை. ஏகனாபுரம் வேண்டாம் என்றால் அது வெறும் கருத்தாகப் பதிவேட்டில் தூங்காமல் தடையாக நிற்க வேண்டும். இதனால் சில நல்ல திட்டங்களும் தடைபடலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. தடைபட்ட திட்டத்தை வேறிடத்தில் எழுப்பலாம். தூர்த்த கால்வாயை வேறிடத்தில் ஓடவைத்த அனுபவம் நமக்கு அவ்வளவு நன்றாக அமைந்ததில்லை.

இறுக்குகிறவர்கள் யார் என்பதும் முக்கியம். 2011 கடற்கரை அறிவிக்கை, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்றது. ஆற்றுக்கும் ஏரிக்கும் அப்படி ஒரு விதி வரலாம். சொந்த மனை இல்லாதவருக்கும் அதில் இடம் இருக்கலாம். அகற்றும் வரிசையும் மாற வேண்டும். கரையில் கட்டவேண்டிய கட்டாயம் இல்லாமல், காட்சிக்காகவும் விலைக்காகவும் கட்டியவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ்: எதிர்க்கத் தெம்பில்லாதவர் வீட்டு வாசலில் முதலில் ஜேசிபி நிற்கிறது, வழக்கறிஞர் வைத்திருப்பவர் வீட்டுக்கு வருவதற்குள் ஆட்சி மாறிவிடுகிறது.

கீழ்கதிர்ப்பூர் மாதிரியான இடங்களைப் பொறுத்தவரை, வீட்டுச் சாவியோடு வேலைக்கான இடமும் சேர்ந்து வர வேண்டும். தரைத்தளத்தில் குழித்தறி போடப் பொதுக்கூடம், விடியற்காலையில் பாவு நீட்டுகிற அளவுக்கு வண்டி புகாத ஒரு தெரு, நகருக்குள் வேலைக்குப் போகிறவருக்கு அதிகாலைப் பேருந்து. இதற்கு ஆகும் பணத்தை ஏழைகளுக்குச் செய்யும் உதவி என்ற தலைப்பில் எழுதக் கூடாது. ஆற்றைத் தூர்வாருகிற செலவு எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கேயே இதுவும் வரட்டும், இரண்டும் ஒரே ஆற்றுக்கான செலவு என்பதால்.